புள்ளிகளில் நின்றவர்

அனுவின் நைனா பொன்னுசாமி, ராஜகிரிக் கோட்டை மதிலில் முளைக்கும் செடிகளை வெட்டும் கூலியாள். ஐப்பசி மழை ஓய்ந்த வாரம், ஒரு காலையில் மதிலோடு சரிந்து விழுந்து இறந்துபோனார். குடித்துவிட்டு ஏறியிருப்பார் என்று செஞ்சி முழுக்கப் பேச்சு. அவர் குடிக்கிறவர் என்பதால் மறுத்துப் பேச ஆளில்லை. அன்று அவர் குடிக்கவில்லை என்று மனைவி பவுனம்மாள் சிலரிடம் சொல்லிப் பார்த்தாள். யாரும் காது கொடுக்காததால் பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

சிவில் டிப்ளமோ முடித்திருந்த அனுவுக்குத் தை மாதத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. லேசர் கருவியால் கோட்டையை அளந்து, கல்லுக்குக் கல் அப்படியே, புள்ளி புள்ளியாகக் கணினிக்குள் ஒரு நகல் செய்துகொண்டிருந்தார்கள். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எந்தச் சுவர் அசைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நகலுக்குள் தப்பித் தவறிப் பதிந்த மனிதர்களையும் ஆடுகளையும் அழிப்பது அனுவின் வேலை.

அப்படித் திரையில் அழித்துக்கொண்டு வந்தவள் ஒரு மதிலருகே வந்ததும் நிறுத்திவிட்டாள். சாம்பல் நிறப் புள்ளிகளால் ஆன ஓர் உருவம். முகம் இல்லை. நைனாவுக்குப் போலவே இடது தோள் இறங்கியிருந்தது. தூக்கிய ஒரு கை சுவர்மேல் இருந்தது. தேதியைப் பார்த்தாள். அவர் விழுவதற்கு முந்தைய நாள்.

மழைக்கு முந்தைய நகலை அதன்மேல் வைத்தாள். அசைந்த இடங்கள் சிவப்பாக மாறின. அந்தக் கை இருந்த கல்லும் சிவப்பு. அவர் ஏறும் முன்பே அது வெளிப்பக்கம் நகர்ந்திருந்தது.

மேலாளர் சுந்தரமூர்த்தியிடம் காட்டினாள். அவர் இரண்டு நகல்களையும் தானே ஒருமுறை பொருத்திப் பார்த்தார். அன்றே மதில் வழியை அடைக்கச் சொல்லித் தொல்லியல் துறைக்கு எழுதி அனுப்பினார்.

பவுனம்மாளை அலுவலகத்துக்கு அழைத்துவந்து திரையைக் காட்டினாள் அனு. கல் நகர்ந்ததை விளக்கிச் சொன்னாள். அம்மா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோள எறக்கிக்கினு நிக்கிறாரு பாரு. அவுருதான்," என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நாம போயிட்டாலும் இதுல இப்டியேதான் நின்னுனு இருப்பாரா?"

அனு ஆமென்று தலையசைத்தாள்.

"அழிச்சிடு அனு. நின்னு நின்னு கால் நோவும் அவுருக்கு."

அம்மாவைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்து அழித்தாள். உருவம் போனது. ஆனால் அவர் மறைத்து நின்ற சுவரில் லேசர் பட்டிருக்கவில்லை. அங்கே தூக்கிய கையோடு ஆள் வடிவத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதற்குள் வெறும் கறுப்பு.

மழைக்கு முந்தைய சுவரை எடுத்து அடைத்துவிடலாமே என்றார் சுந்தரமூர்த்தி.

"அப்ப கல்லு நேரா இருந்துது சார். அத வச்சா பொய்யாயிடும்."

அவர் வற்புறுத்தவில்லை.

கல் முன்பே நகர்ந்திருந்த செய்தி பரவ, குடித்து விழுந்தார் என்ற பேச்சு ஊரில் மெல்ல ஓய்ந்தது. அனு இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். வாரம் ஒருமுறையாவது அந்த மதிலைத் திரையில் திறக்க வேண்டியிருக்கிறது. திறக்கும்போது, அவருக்கு இடம் விடுவதுபோல நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்கிறாள்.