கோமதி மாமியின் கழுத்து

எங்கள் தெரு கோமதி மாமி மலையாள சீரியலில் மாமியாராக நடிக்கிறார். பேச்சில் தமிழ் வாடை அடிப்பதால் டப்பிங் குரல் வேறொருவருடையது.

இன்று நானும் மாமியும் பழவங்காடி கோயில் வாசலில் பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய் வாங்கினோம். கடைக்கார அக்கா மாமியை உற்றுப் பார்த்தார்.

"சேச்சியைக் கண்டா அந்த சீரியல் அம்மாயியம்மை மாதிரியே இருக்கு."

"நான்தாம்மா அது."

"சும்மா போங்க சேச்சி. அவங்க சப்தம் இடி மாதிரியல்லே!"

மாமியின் முகம் வாடிவிட்டது. வெளியில் ஒருவர் அவரை அடையாளம் கண்டது இதுதான் முதல் முறை.

தேங்காயைக் கீழே வைத்தார். தலையை வெடுக்கென்று திருப்பினார். அதையே மறுபடி செய்தார். மூன்றாவது தடவை நான் பின்னாலிருந்து "டடான்!" என்றேன்.

"அய்யோ, அவங்களேதான்!"

சீரியலில் ஒரு தடவை திரும்பினால் போதும், மிச்சத்தை எடிட்டர் பார்த்துக்கொள்வார். கடையில் எடிட்டர் இல்லை.

கழுத்து வலிக்கு நல்ல தைலம் தெரிந்தவர்கள் சொல்லவும்.