கறுப்புக் கட்டங்களுக்கு நடுவே ஸித்திகா

நெபஹாத் அக்கா பத்திரிகை அலுவலகத்தைவிட்டு வெளியேறியது ஒரு வியாழக்கிழமை காலை. கையில் ஒரு தேநீர்க் கோப்பை, மேஜைக்கடியில் கிடந்த பழைய செருப்பு. பல வருடம் மரண அறிவிப்புகளை வாங்கிப் போட்டவள் கொண்டுபோனது அவ்வளவுதான்.

எங்கள் பத்திரிகையை ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் வாங்கியிருந்த புதிது. புதன்கிழமை அவருடைய தாயார் இறந்துபோனார். இஸ்தான்புல்லில் முதலாளி வீட்டில் சாவு என்றால் கம்பெனிகள் அவர் பத்திரிகையில் இரங்கல் விளம்பரம் போட்டே ஆகவேண்டும். யாருடையது பெரிது என்று போட்டி வேறு. பக்கம் பக்கமாகக் கறுப்புக் கட்டங்கள். மற்றவர்களின் அறிவிப்புகளை மறுநாளுக்குத் தள்ளச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம், படகுத்துறையில் படகுகளுக்குக் கயிறு கட்டும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரித்வான் வந்து நின்றார். அன்று காலையில்தான் அவர் மனைவி ஸித்திகா இறந்திருந்தாள்.

"நாளைக்கு மதியத் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்மா. எங்க தெருவையே இடிச்சுட்டாங்க, ஆளுக்கொரு மூலைக்குப் போயிட்டாங்க. பேப்பர்ல பாத்தாத்தான் வருவாங்க. நானும் இமாமும் மட்டும் அவளைத் தூக்க முடியுமா?"

அக்கா பெருமூச்சோடு எழுந்து, பக்கம் அமைக்கும் ஜெவ்தெத்திடம் போனாள். எதிர் மேஜையில் நான் இருந்தேன்.

"டேய், அந்தச் சிமெண்ட் கம்பெனிக்காரனோடது ரெண்டு பக்கத்துல கிடக்கு. சின்னதைத் தூக்கிட்டு இவரு பொண்டாட்டி அறிவிப்பைப் போடு."

"பைத்தியமா அக்கா உனக்கு? முதலாளி எண்ணிப் பாப்பாரு."

"பெத்தவ செத்த அன்னிக்கா விளம்பரத்தை எண்ணுவாரு? நான் சொன்னேன்னு சொல்லு. தூக்குடா."

எண்ணினார். அக்காவை அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு அவளுக்கு எந்தப் பத்திரிகையிலும் வேலை கிடைக்கவில்லை. உணவு விடுதி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பீன்ஸ் நறுக்கிக் கொடுத்தாள். முழங்கால் வலி, அதோடு மாடிப்படி. நான் போகும்போதெல்லாம் கத்தியை வைத்துவிட்டு அதையே கேட்பாள்.

"அன்னிக்கு அடக்கத்துக்கு ஆளுங்க வந்திருப்பாங்களாடி?"

"போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

"வேணாம். யாரும் வரலைன்னா என்ன பண்றது."

இரண்டு குளிர்காலம் போனது. ஒருநாள் அவள் ஈரக் கையோடு கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். கண்ணாடி அவளிடம் இல்லை. நான் படித்தேன்:

"மகளே, நான் ரித்வான். உன் நம்பரை ஜெவ்தெத் தம்பிகிட்ட வாங்கினேன். உன் வேலை போனது இப்பத்தான் தெரியும். அன்னிக்குப் பள்ளிவாசல் முற்றம் கொள்ளாத கூட்டம். சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க எனக்கே இடம் கிடைக்கல."