கேட்டதற்கெல்லாம் சம்மதித்தவர்

தனுவச்சபுரத்தில் கல்லூரி விண்ணப்பங்கள் போட்டுக்கொடுக்கும் என் கடைக்கு, கம்ப்யூட்டர் பழுதானால் பாறசாலையிலிருந்து வருபவர் அவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் பென்டிரைவ், சட்டைப்பையில் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியை அவர் போட்டு நான் பார்த்ததில்லை.

விளம்பரத் தொல்லை தாங்காமல் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றச் சொன்னேன். ஏற்றினார். உடனே பென்டிரைவைச் செருகி, மலையாளம் தட்டச்ச ஒன்று, தமிழுக்கு ஒன்று, வீடியோ இறக்க ஒன்று என்று பிரௌசரில் பிளக்இன்களை நிரப்பத் தொடங்கினார். நீங்கள் பார்க்கும் எல்லாப் பக்கங்களையும் வாசிக்கலாமா என்று ஒவ்வொன்றும் கேட்டது. கேட்டு முடிக்கும் முன்பே அவர் விரல் சம்மதித்தது.

"பிள்ளையளுக்க பாஸ்வேர்டெல்லாம் இதிலதான் அடிக்கியது. அது என்ன கேக்குதுன்னு வாசிச்சியளா?" என்றேன்.

"வாசிச்சிட்டிருந்தா வேல நடக்குமா மக்கா? கேக்கியதுக்கெல்லாம் சரின்னு குடுக்கணும். அதாக்கும் ரீதி."

அவர் போனதும் அத்தனையையும் நீக்கினேன். மலையாளத் தட்டச்சை மட்டும் அதை உருவாக்கியவர்களின் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் சார்ஜர் வாங்க அவர் கடைக்குப் போனேன். அவருடைய பிரௌசரில் ஒரு பிளக்இன்கூட இல்லை. அப்போது திரையில் ஏதோ ஒன்று அனுமதி கேட்டது. அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டு, உதடு அசைய வரிவரியாக வாசித்து, வேண்டாம் என்பதை அழுத்தினார்.

"இதில எனக்க பேங்க் காரியம் உண்டு," என்றார், சாதாரணமாக.

விவரமில்லாத மனுஷன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறுதலும் போயிற்று.