நீதிபதிக்கு வந்த போன்

சிவபிரகாஷ் பல்லடத்தில் ஒரு எம்.பி.யின் அலுவலக உதவியாளர். "எம்.பி. ஆபீஸ்ல இருந்து பேசறேன்" என்றால் லைன்மேன் ஓடி வருவார், தாலுகா ஆபீசில் கோப்பு நகரும். அந்த வார்த்தை எங்கும் செல்லும் என்று அவர் நம்பியிருந்தார்.

சாமியாத்தாள் என்ற விவசாயி அந்த அலுவலகத்துக்குத் தண்ணீர் லாரி கேட்டுத்தான் வந்தார். சாயப்பட்டறைக் கழிவு இறங்கி அவருடைய கிணறு பாழாகிவிட்டது. பட்டறை மீது போட்ட வழக்கு பல வருடம் இழுத்து, தீர்ப்புக்கு வந்திருந்தது.

"லாரிக்குச் சொல்லீட்டனுங்கம்மா. கேஸையும் நானே பாத்துக்கறனுங்க."

"அதுக்கு வக்கீல் இருக்காருங்க தம்பி."

அவர் போன பிறகு சிவபிரகாஷ் நீதிபதியின் வீட்டுக்கே போன் செய்தார். நியாயம் அந்தம்மா பக்கம்தானே, சொன்னால் என்ன தப்பு என்று நினைத்தார். அவர் சொல்லி முடித்ததும் நீதிபதி போனை வைத்துவிட்டார்.

தீர்ப்பு நாளில் கோர்ட்டில் சிவபிரகாஷ் சாமியாத்தாளுக்குப் பக்கத்திலேயே பெருமையோடு போய் உட்கார்ந்தார். நீதிபதி வழக்குக் கட்டைத் திறக்கவில்லை.

"இந்த வழக்கு பற்றி ஒரு எம்.பி. அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. இனி நான் எந்தத் தீர்ப்பு சொன்னாலும் அது அந்தப் போனின் தீர்ப்பாகத்தான் தெரியும். வழக்கை வேறு நீதிபதிக்கு மாற்றக் கேட்டு எழுதுகிறேன்."

வாதங்களை மறுபடியும் முதலிலிருந்து கேட்கவேண்டிவரும் என்று வக்கீல் குனிந்து சொன்னார். சாமியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எந்தப் பாவி பண்ணுனானுங்களோ தம்பி! பட்டறைக்காரனாத்தான் இருக்கோணும்."

சிவபிரகாஷுக்குக் காது மடல் வரை எரிந்தது. பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் கால்கள் எழுந்துவிட்டன.

"ஐயா, போன் பண்ணினது நான்தானுங்க. எம்.பி.க்குத் தெரியாதுங்க."

நீதிபதி அதைப் பதிவு செய்யச் சொன்னார். சாமியாத்தாள் நிமிர்ந்து சிவபிரகாஷையே பார்த்தார். "நான் கேக்கவே இல்லீங்களே" என்றார், அவ்வளவுதான்.

சாயங்காலம் எம்.பி. அவரை நிற்கவைத்தே பேசினார். "டெல்லியில சட்டத்துக்கு ஓட்டுப் போடறேன். சரியா அமல்படுத்தலைன்னா மந்திரியைக் கேள்வி கேக்கறேன். அந்தச் சட்டப்படி யார் பக்கம் நியாயம்னு சொல்றது கோர்ட்டு. அங்க எனக்கே வாயில்லை. உங்களுக்கு யாருங்க குடுத்தது?"

மறுநாளிலிருந்து வேலை இல்லை. சிவபிரகாஷ் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்தார்.

ஒரு வருடத்துக்குப் பிறகு புதிய நீதிபதி சாமியாத்தாளுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தார். அதற்குள் இன்னொரு கோடையும் போய், அவருடைய தோட்டத்தில் எஞ்சியிருந்த தென்னைகளும் தண்ணீரில்லாமல் பட்டுப்போயின.

ஒருநாள் பேக்கரி வாசலில் சாமியாத்தாளே சிவபிரகாஷைக் கண்டுகொண்டார். "டீ குடிக்கறீங்களா தம்பி?" என்றார், அதே மரியாதையோடு. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். "இல்லீங்கம்மா, ஷிப்டுக்கு நேரமாச்சுங்க" என்று தலையைக் குனிந்தபடி நடந்தார். அன்று அவருக்கு விடுமுறை.