எஸ்தர் அக்காவுக்கு மௌனம் பொருந்தாது

சேத்தூரில் காலை ஷிப்டுக்குப் பஸ் ஏற நின்றபோது போன் வந்தது. எஸ்தர் அக்காவின் வீட்டுக்காரர். "அவ போயிட்டாம்மா. நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தா, அம்புட்டுதான்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டு வாசலில் உறவுக்காரம்மா ஒருத்தி, "கண்ட பொடியையும் கரைச்சுக் குடிச்சா. அதான் ஆளை முடிச்சிட்டுது" என்றாள். டாக்டர் மாரடைப்பு என்றுதான் சொல்லியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அதே பொடியை நானும் குடிக்கிறேன். பயம் எனக்கும் வந்துவிட்டது.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அவருடைய அந்தத் தொண்டைச் சத்தம் தெரியும். தோள் வெட்டி இழுக்கும்; நாய் குரைப்பதுபோல் ஒரு 'ஹக்' வரும். நான் புதிதாகச் சேர்ந்தபோது என் சத்தத்தை இருமலாக்கி மறைத்துக்கொண்டிருந்தேன். துணி மடிக்கும் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். "ஏட்டி, ஒனக்கும் இருக்கா? இருமி இருமி நெஞ்சைப் புண்ணாக்காத. இதுக்குப் பேரு டூரெட். பேயுமில்ல, பிசாசுமில்ல, நரம்பு." எங்கள் வீட்டில் அதுவரை எனக்கு வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மதுரை நரம்பு டாக்டர் மாத்திரையோடு அமினோ அமிலப் பொடி ஒன்றையும் அவருக்கு எழுதியிருந்தார். தண்ணீரில் கரைத்தால் கூமுட்டை நாற்றம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடிப்பார். எனக்கும் கொஞ்சம் தாங்கக்கா என்று கேட்டதற்குச் சீறினார். "என் உடம்புக்கு எழுதினதை நீ எப்படிட்டி குடிப்பே? டாக்டரைப் போய்ப் பாரு." எல்லோருக்கும் இந்தப் பொடி கேட்கும் என்று சொல்லமுடியாது என முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் டாக்டர் எனக்கும் எழுதினார். அக்காவுக்குத் தோள் இழுப்பு கொஞ்சம் மட்டுப்பட்டது. எனக்கு ஒரு வாரம் குறையும், மறுவாரம் வட்டியோடு வரும். அழுதேன். "குறைஞ்சா கும்பிடு. குறையலையா, குனியாத" என்றார்.

அவரும் ஓர் இடத்தில் குனிந்தார். கம்பெனியில் யாருக்காவது மௌன அஞ்சலி என்றால், என் கையைப் பிடித்து முன்கூட்டியே வெளியே இழுத்துப் போய்விடுவார். கேட்டுக்கு வெளியே நின்று இரண்டு பேரும் குரைப்போம், சிரிப்போம். ஒருமுறை மட்டும் சிரிக்கவில்லை. "செத்தவுகளுக்கு மரியாதை செய்யக்கூட நம்மளால ஆகலியேட்டி" என்றார்.

போன வாரம் அவருக்கே மௌன அஞ்சலி. மேனேஜர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். என் கால் பழக்கத்தில் கேட்டை நோக்கித் திரும்பியது. கையைப் பிடித்து இழுக்க ஆளில்லை. உள்ளேயே நின்றேன். அடக்க அடக்கத் தொண்டையில் வந்து முட்டியது. ஹக். மறுபடியும் ஹக். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ 'உஸ்' என்றார்கள். அழுகை வந்தது, தலை மட்டும் குனியவில்லை.

பொடியைத் தொடரலாமா என்று மதுரைக்குப் போய்க் கேட்கவேண்டும். டாக்டர் என்ன சொல்வாரோ, பயமாகத்தான் இருக்கிறது. அக்காவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது குனியாத அந்தத் தலையைத்தான்.

செத்தவுகளுக்கு மரியாதை செய்ய நம்மால் ஆயிற்று, அக்கா. சத்தமாகத்தான் ஆயிற்று.