தட்சிணாமூர்த்தி சொன்னால் நிற்க வேண்டும்

இருபத்து மூன்று வருசமாக அன்பரசுவுக்கு ஒரே ஓர் ஆள் மேல்தான் ஆத்திரம். மேனேஜர் மேல் இல்லை. மில்லை இழுத்து மூடினவர்கள் மேல்கூட இல்லை. தட்சிணாமூர்த்தி மேல். சிதம்பரத்தில் இறுதி ஆட்டம் நடந்த அன்று, தன்னை மைதானத்துக்குக் கூட்டிப் போகாமல் நூல் நூற்கும் மெஷின் முன்னால் நிற்க வைத்த அந்த ஆள் மேல்.

அவரைப் பார்க்கத்தான் இப்போது பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். காலையில் அவர் பெண்சாதி சந்திரலேகா போன் செய்திருந்தாள்.

"தம்பி, அவுரு ஒன்னத்தான் கேக்குறாரு. கோவத்தப் பாக்காத. ஒரு எட்டு வந்துட்டுப் போ."

ஆட்டோவைத் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு ஏறினவன், ஆலப்பாக்கம் தாண்டும்வரை இறங்கித் திரும்பிவிடலாமா என்றே யோசித்தான்.

தட்சிணாமூர்த்தி மேல்பட்டாம்பாக்கத்துப் பக்கம் இருந்த நூல் மில்லில் பிட்டர். எட்டாவது பெயில். கழிவுப் பஞ்சு கொட்டும் பொட்டலை ஆட்களைச் சேர்த்துச் சுத்தம் செய்து, கழித்துப் போட்ட ஸ்டீம் பைப்பை வெட்டிப் பற்றவைத்து, இரண்டு பக்கமும் கோல் போஸ்ட் நட்டார். மில்லு டீம் அப்படித்தான் பிறந்தது. அவர்தான் கேப்டன், அவர்தான் கோல்கீப்பர். முதல் ஆட்டத்துக்குத் தேவனாம்பட்டினம் போய், கடற்கரை மணலில் மீனவர்களிடம் ஏழு கோல் வாங்கி வந்தார்கள். மறுநாள் மில் கேட்டில் ஒரே சிரிப்பு.

"என்னா மூர்த்தி, வலை வெச்சிருக்கறவன்கிட்ட போயி மாட்டிக்கினியே!"

"எட்டாவது ஒண்ணு வந்துது, புடிச்சேன். அத எவனாவது பேசுறானா பாரு" என்றார் அவர்.

ஆட்டம் இருந்தால் ஷிப்ட்டு என்ன ஆவது? அதற்கு அவரே ஒரு வழி வைத்தார். ஆடப் போகிறவனின் மெஷினில் இன்னொருவன் நிற்க வேண்டும். ஆள் நிற்பது என்று அதற்குப் பேர். சூப்பர்வைசர் கண்டும் காணாமல் போய்விடுவார். கோப்பை வந்தால் ஆடினவன் ஒரு காது, நின்றவன் ஒரு காது பிடித்துத்தான் கேட்டுக்குள் கொண்டுவருவார்கள். யார் நிற்பது என்று தட்சிணாமூர்த்திதான் சொல்வார். மறுபேச்சு கிடையாது. நிற்க மாட்டேன் என்றவன் அதற்கப்புறம் ஆடவும் முடியாது.

அன்பரசு அந்த மில்லில் பதிலி. நிரந்தர ஆள் எவனாவது வராத நாளில் மட்டும் அவனுக்கு வேலை. ஆனால் பந்து காலில் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வருசம் அரையிறுதியில் இரண்டு கோலும் அவன் போட்டதுதான். புதிதாக வந்த மேனேஜர் குஷியாகி, "பைனல் பாக்க நானே வர்றேன். அதுல ஆடுற பதிலிங்களுக்கு வேலை நிரந்தரம்" என்று சொல்லிவிட்டார். அன்பரசு அன்று வீட்டுக்குப் போய் ஷூவைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தான்.

பைனலன்று மத்தியான ஷிப்ட்டுக்குக் கதிர்வேலைக் கூப்பிட்டிருந்தார்கள். கதிர்வேல் சந்திரலேகாவின் தம்பி, தட்சிணாமூர்த்திக்கு மச்சான். அவனும் பதிலிதான். ஓடினால் பந்து ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். காலையில் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் தட்சிணாமூர்த்தி, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அன்பு, கதிரு எடத்துல நீ நில்லு."

அன்பரசு நின்றான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவன் செய்த பிசகு. மூன்று கோலில் தோற்று வந்தார்கள். கதிர்வேல் நாலு தடவை பந்தைத் தொட்டானாம். அடுத்த வாரம் அவனுக்கு ஆர்டர் வந்தது. அன்பரசு மில் மூடும்வரை பதிலிதான்.

பத்து வருசம் கழித்து மில்லை மூடினார்கள். கொடுக்கிற பணத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்றபோது தட்சிணாமூர்த்தி கேட்டில் நாற்பது நாள் உட்கார்ந்தார். பின்பக்கக் கேட்டு வழியாகப் போய் முதல் கையெழுத்துப் போட்டவன் கதிர்வேல். அவன் முகத்தில் இவர் காறித் துப்பினார். அன்றைக்குத் திருப்பூர் போனவன்தான், அக்காள் வீட்டு வாசலை அப்புறம் மிதிக்கவே இல்லை. பதிலிகளுக்குக் கையெழுத்தும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனாலும் அன்பரசு நாற்பது நாளும் அங்கே உட்கார்ந்தான், தட்சிணாமூர்த்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டில். இருபத்தெட்டு வருசம் உள்ளே போன பஞ்சு, நெஞ்சை அடைத்துவிட்டது. பந்தைக் கவ்விப் பிடித்த பெரிய கைகள் ஊசி குத்தி நீலம் பாய்ந்து கிடந்தன. அவனைப் பார்த்ததும் மூக்கு மூடியைக் கையால் விலக்கினார்.

"என்னாடா, ஆட்டோ எத்தினி கோலு போடுது?"

"ஓடுதுண்ணே."

சந்திரலேகா டம்ளரைக் கழுவ வெளியே போனாள். அவள் தலை மறைகிறவரை காத்திருந்து அன்பரசு கேட்டுவிட்டான்.

"அன்னிக்கி என்னைய ஏண்ணே நிக்க வெச்ச?"

"தெரிஞ்சுதான் வெச்சேன். தம்பிக்கு வேலை வாங்கிக் குடுன்னு லேகா மூணு நாளா சோறு திங்கல. நீ ஆடியிருந்தா செயிச்சிருப்போம். அதுவும் தெரியும்." மூச்சு வாங்கினார். "கேட்டா சொல்லணும்னுதான் இருந்தேன். நீ கேக்கவே இல்ல."

அன்பரசு சுவரைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தான். அவர் கேட்கவில்லை.

"டாக்டரு நாளு சொல்லிட்டாரு. அவகிட்ட சொல்லல" என்றார். "கதிரு வரமாட்டான். ஆளு அனுப்பியும் பாத்துட்டேன். நான் போயிட்டா அவளுக்குப் பொறந்த வூட்டுக் கோடி போட ஒருத்தன் இல்லடா."

புருசன் செத்தால் பெண்ணுக்கு உடன்பிறந்தவன் புதுச் சேலை கொண்டுவந்து போட வேண்டும். ஊர் கூடிப் பார்த்துக்கொண்டிருக்க, யாரும் கொண்டுவராமல் அவள் உட்கார்ந்திருப்பாள் என்பதுதான் அந்த மனுசனை அரித்துக்கொண்டிருந்தது.

"நான் என்ன ஒறமொறையாண்ணே? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"ஆள் நிக்கிறதுக்கு என்னாடா ஒறமொறை?"

வாசலில் சந்திரலேகாவின் செருப்புச் சத்தம் கேட்டது. தட்சிணாமூர்த்தி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"வெள்ளையா எடுத்தாராத. நல்ல கலரா எடு. கதிரு எடத்துல நீ நில்லு, அன்பு."