காலை ஆறு மணிக்கு ஊதுகிறவள்

ரத்தக்கார அக்கா என்றுதான் அந்த வட்டாரம் அவளைக் கூப்பிடும். ஆய்வுக்கூடத்துக்காக வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்களிடம் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. பதினாலு வருஷமாக ஊசி குத்துகிறாள். வலித்தது என்று ஒருவர்கூடப் புகார் சொன்னதில்லை. சாராய வாடையே அவளுக்கு ஆகாது. அப்படிப்பட்டவள் தினமும் காலை ஆறு மணிக்குக் காருக்குள் உட்கார்ந்து, தான் குடிக்கவில்லை என்று ஒரு பெட்டிக்கு ஊதிக் காட்ட வேண்டியிருந்தது. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

குடித்தது அவள் புருஷன். டைல்ஸ் ஒட்டுகிறவர், வேலையில் சுத்தம், வாய்தான் சுத்தமில்லை. போன வருஷம் நன்றாக ஏற்றிக்கொண்டு வந்து, சிவனே என்று நின்ற மின்கம்பத்தில் காரை மோதினார். கம்பம் வளைந்தது, நீதிமன்றம் காரில் ஊதுபெட்டி மாட்டச் சொன்னது. ஊதினால்தான் வண்டி கிளம்பும். மூச்சில் சாராயம் இருந்தால் கிளம்பாது, அது பதிவும் ஆகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதும் நினைத்த நேரத்தில் கீச்சென்று கத்தி மறுபடி ஊதச் சொல்லும். ஒரு வருஷம் ஒரு தப்பும் பதிவாகாவிட்டால் கழற்றிவிடுவார்கள். வீட்டில் இருப்பதோ ஒரே கார். காலையில் அவளுக்கு, சாயங்காலம் அவருக்கு.

ஊதுவது என்றால் பலூன் ஊதுவது போல இல்லை. ஐந்து விநாடி ஒரே சீராக ஊத வேண்டும், ஊதும்போதே தொண்டைக்குள் ‘ம்ம்ம்’ என்று இழுக்கவும் வேண்டும். அவளுக்கு அது பிடிபடவே இல்லை. ‘மறுபடி ஊதவும், மறுபடி ஊதவும்’ என்று பெட்டி உயிரை வாங்கியது. போதாக்குறைக்கு வீட்டில் ஒன்பது வயது மகள் குட்டி, பல் விளக்கும்போதும் வீட்டுப்பாடம் எழுதும்போதும் அதே மாதிரி ‘ம்ம்ம்’ என்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மாவைக் கேலி பண்றியாடி? வாயை மூடு,” என்று ஒருநாள் எரிந்து விழுந்தாள். குட்டி நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

ரத்தம் எடுக்கப் போகிற வீட்டு வாசலில் காரை நிறுத்தி அவள் ஊதுவதைப் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு வீட்டு அம்மாள் ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டு, “குடிக்கிற பொண்ணை ஊசியோட அனுப்புறீங்களே, கை நடுங்கினா யார் பொறுப்பு?” என்று கேட்டாள்.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். “உங்களைப் பத்தி எனக்குத் தெரியும்மா. ஆனா வாசலுக்கு வாசல் நான் வந்து விளக்கம் சொல்ல முடியுமா? மாசக் கடைசிக்குள்ள அந்தப் பெட்டி போகணும். இல்லன்னா வெளி வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். நீங்க உள்ள உக்காந்து டியூப்ல சீட்டு ஒட்டுங்க.”

நரம்பே தெரியாத கையில்கூட ஒரே குத்தில் ரத்தம் எடுக்கிறவளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை.

“குடிச்சது நீங்க, பேர் கெட்டது எனக்கா?” என்று புருஷனிடம் கேட்டாள்.

“இன்னும் கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்கோ,” என்றார் அவர், பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி.

ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் அவள் பொறுத்துக்கொண்டாள். முன்பெல்லாம் மகளைத் தெருமுனைவரைகூடக் கூட்டிப் போகாத மனுஷன், இந்த வருஷம் சாயங்காலம் எங்கே கிளம்பினாலும் குட்டியையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார். கடைக்கு, கூட்டாளி வீட்டுக்கு, எல்லா இடத்துக்கும். “இப்பத்தான் மனுஷனுக்குப் பொறுப்பு வந்திருக்கு,” என்று தங்கையிடம் போனில் பெருமையடித்திருக்கிறாள்.

மாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மூன்று பேரும் பெட்டி மாட்டிய பட்டறைக்குப் போனார்கள். மெக்கானிக் ஒயரைச் சொருகிப் பதிவைப் பார்த்தார்.

“ஒரு தப்புகூட இல்ல சார். உங்களை மாதிரி ஆளைப் பாக்குறதே அபூர்வம். பத்து நிமிஷத்துல கழட்டிடுறேன்.”

புருஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மெக்கானிக் முதல் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தபோது குட்டி கதவோரம் எட்டிப் பார்த்தாள்.

“அங்கிள், இதைக் கழட்டிட்டா இனிமே நான் ஊத வேண்டாமா?”

ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது. “நீ எதுக்கும்மா ஊதுற?”

“அப்பா ஊதினா வண்டி கிளம்பாதாம். அதனால சாயங்காலம் எல்லாம் நான்தான். போறப்ப கத்தினாலும் பின்னாலேர்ந்து எட்டி ஊதுவேன். நான் ஒரே தடவைல ஊதிடுவேன், அம்மாதான் மூணு தடவை ஊதுவாங்க.”

“குழந்தை விளையாட்டுக்குச் சொல்லுது,” என்றார் புருஷன். ஆனால் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பட்டறைத் தரையின் டைல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் காதில் அந்த ‘ம்ம்ம்’ கேட்டது. கேலி இல்லை, பாவி, பிள்ளை ஊதிப் பழகியிருக்கிறது. அதன் வாயை மூடச் சொன்னதும் அவள்தான். பொறுப்பு வந்துவிட்டது என்று மெச்சிக்கொண்டதும் அவள்தான். குடித்தவன் ஓட்டுகிற வண்டியில் தினமும் பிள்ளையை அனுப்பி வைத்துவிட்டு, தெருவில் தன் பேர் போய்விட்டதே என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

“கழட்டாதீங்க,” என்றாள்.

“மேடம், இதை நான் எழுதினா மறுபடி முதல்லேர்ந்து ஒரு வருஷம்.”

“எழுதுங்க. யார் ஊதினதுன்னும் எழுதுங்க.”

“உன் வேலை போயிடும்டி,” என்றார் புருஷன். “வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

“சீட்டு ஒட்டிக்கிறேன்.” அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினாள். “நீங்க பஸ்ல வாங்க.”

பாதி வழியில் பெட்டி கீச்சென்று கத்தியது. யாரும் சொல்வதற்கு முன்பே, பின் சீட்டில் பெல்ட் கழன்ற சத்தம் கேட்டது. இரண்டு சீட்டுக்கும் நடுவே குட்டியின் முகம் வந்தது, உதடு குவிந்து தயாராக இருந்தது.

“நீ உக்காரு. பெல்ட்டைப் போடு,” என்று சொல்லிவிட்டு, காரை ஓரம்கட்டிக் குழாயை வாயில் வைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்ததில் மூச்சு நடுவிலேயே உடைந்தது. மறுபடி ஊதவும் என்றது பெட்டி. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினாள்.